துவைக்காத சட்டை

ஜூன் 28, சனி

வேலைக்குப் போய்வந்தேன். ஆஸ்பத்திரி விரிப்புகள் மலைமலையாகக் குவிந்துகிடந்தன. மழை தொடங்கிவிட்டால் எங்கள் சலவைக்கூடத்தில் மெஷினுக்கும் ஓய்வு கிடையாது, எங்களுக்கும் கிடையாது. நல்லதுதான். கை ஓடினால் மனசு கொஞ்சம் நிற்கிறது.

சோப்புத் தண்ணீர் தெறிக்காமலிருக்கச் சேலைக்கு மேல் போட்டுக்கொள்ளும் பழைய சட்டை முழங்கையில் கிழிந்துவிட்டது. பக்கத்து மெஷின்காரி, "வீட்டுல ஒரு ஆம்பளச் சட்ட இல்லையாக்கா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

இருக்கிறது. அவர் ஆணியில் மாட்டியது மாட்டியபடி இருக்கிறது. டூர் பஸ் ஓட்டிவிட்டு வந்து, கழற்றி மாட்டிவிட்டு, சித்த நேரம் படுக்கிறேன் என்று படுத்தவர், எழுந்திருக்கவில்லை. மூன்று மாதமாகிறது. ஊரார் துணியெல்லாம் வெளுக்கிறவள் இந்த ஒன்றைத் தண்ணீரில் போடவில்லை. போடமாட்டேன். காலரில் மூக்கை வைத்தால் டீசல், வேர்வை, அவர். கொஞ்சம் குறைந்திருக்கிறதோ? தினமும் இதே சந்தேகம்.

நாத்தனார் போன் செய்தார். திங்கட்கிழமை கிளம்பியே ஆகவேண்டுமாம். அந்தக் கடற்கரை விடுதிக்கு இவர் இருபது வருஷம் ஆட்களை ஏற்றிக்கொண்டு போனார். ஒரு நாள் உள்ளே தங்கியதில்லை, பஸ்ஸிலேயே படுத்துக்கொள்வார். மழைக்காலத்தில் அறைகள் சும்மா கிடக்கின்றன, குடும்பத்தோடு வந்து இருந்துவிட்டுப் போ என்று விடுதி முதலாளி இந்த வருஷம்தான் சொன்னார். இவரும் சரி என்று பெயரைக் கொடுத்துவிட்டு, வேறெங்கோ போய்ச் சேர்ந்துவிட்டார்.

"அவன் ஆசப்பட்டது. நீ வரலன்னா நான் ஒண்டியா போவேன்" என்கிறார் நாத்தனார். போகக்கூடியவர்தான்.

ஜூன் 29, ஞாயிறு

சட்டையை விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை. அவர் ஆசைப்பட்ட இடத்துக்கு நான் மட்டும் எப்படி?

வாசனை போய்விடக் கூடாது. பிளாஸ்டிக் பையில் வைத்து, காற்றை அழுத்தி வெளியேற்றி, இரட்டை முடிச்சுப் போட்டு, பெட்டிக்கு அடியில் வைத்தேன். நாத்தனாரிடம் சொல்லவில்லை. சொன்னால் ஊருக்கே தெரியும்.

ஜூன் 30, திங்கள்

மலை வளைவில் நாத்தனாருக்குக் குடல் புரண்டுவிட்டது. புது டிரைவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இவர் ஓட்டும்போது சட்டைப் பையில் ஆரஞ்சு மிட்டாய் வைத்திருப்பார், நாக்கைச் சுருட்டும் புளிப்பு. முகம் வெளுக்கிறவர்களைக் கண்ணாடியிலேயே கண்டுபிடித்து ஆள்மாற்றி ஆள்மாற்றிக் கொடுத்தனுப்புவார்.

"எந்தம்பி ஓட்டியிருந்தா எனக்கு இப்படி ஆகுமா" என்று நாத்தனார் டிரைவர் காதில் விழும்படி சொல்லிக்கொண்டே வந்தார். வாந்திக்கு நடுவிலும் வாய் ஓயவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

கடல் இருக்கிறது என்கிறார்கள். சத்தம்தான் கேட்கிறது. மழைக்கு அந்தப் பக்கம் சாம்பல் நிறத்தில் ஏதோ அசைகிறது, அதுதான் போலிருக்கிறது.

விடுதியில் எங்களைத் தவிர யாருமில்லை. பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறார்கள். நீச்சல் குளத்தில் தவளைகள். தென்னைமரம் ஒவ்வொன்றும் தலைவிரித்து ஆடுகிறது. காவலாளி பெரியவர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். "இந்த மாசத்துல இங்க மீனுக்குத்தாம்மா வேல. மனுசங்க வரமாட்டாங்க" என்றார். "நாங்களும் ஒரு வகை மீனுதான், அறையக் காட்டுங்க" என்றார் நாத்தனார்.

தலையணை ஈரம். சுவர் ஈரம். தீப்பெட்டி பற்றவில்லை. வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். வேறென்ன செய்வது? "கூண்டுப் புலி மாதிரி நடக்காதடி, எனக்குத் தல சுத்துது" என்று உள்ளிருந்து குரல்.

ஜூலை 2, புதன்

மழை. நடந்தேன். மழை.

ஜூலை 3, வியாழன்

ஊருக்குத் திரும்பலாமென்று குடையைப் பிடித்துக்கொண்டு பஸ் நிற்கும் திடல்வரை போனேன். வாய்க்கால் உடைந்து ரோட்டில் தண்ணீர், வடிந்தால்தான் பஸ்ஸாம்.

இவர் இருபது வருஷம் படுத்துக் கிடந்த இடம் இந்தத் திடல்தான். நடுவில் குளம்போல் தண்ணீர். ஓரத்தில் ஒரு டீக்கடை மட்டும் திறந்திருந்தது. கடைக்காரம்மாவிடம் இன்னாரின் வீட்டுக்காரி என்று சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"மிட்டாய் டிரைவரா?"

செய்தி அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. டீயைப் பெரிய கிளாசில் ஊற்றிக் கொடுத்தார். இவர் அங்கே உட்கார்ந்து என்னைப் பற்றிப் பேசுவாராம். வீட்டுக்காரிக்கு மூக்கு அதிசயம், தான் டீ குடித்த கடையைக்கூடச் சட்டையை மோந்தே சொல்லிவிடுவாள் என்று பெருமை அடிப்பாராம். "நீங்கதானா அந்த மூக்குக்காரி" என்று என் மூக்கையே பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திரும்பி வரும்போது சட்டையைத் திறந்து பார்க்கவேண்டும்போல் தவிப்பாக இருந்தது. அந்த டீக்கடை வாசனையும் அதில் இருக்கும் இல்லையா?

திறக்கவில்லை. திறந்தால் கொஞ்சம் போய்விடுமே. வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். பஸ் எப்போது வரும்?

ஜூலை 4, வெள்ளி

போச்சு. எல்லாம் போச்சு.

காலையில் எழுந்தால் சுவரிலிருந்து பெட்டிவரைக்கும் எறும்புச் சாரை. பெட்டியைத் திறந்தேன். பிளாஸ்டிக் பைக்குள் போய் மொய்க்கிறது. நான் போட்டது இரட்டை முடிச்சு. இருந்தது ஒற்றை முடிச்சு.

அவிழ்த்தேன். காலரிலும் முதுகிலும் கரும்புள்ளி. பூசணம். மூக்கை வைத்தேன் — ஈர வாடை, அழுகின வாடை, அவ்வளவுதான். அவர் இல்லை. எவ்வளவு தேடியும் இல்லை.

என்னென்ன பேசினேன் என்று எனக்கே தெரியவில்லை. யாரைக் கேட்டுத் தொட்டீங்க, உங்க கைய வெச்சுத்தான் எல்லாம் நாசமாச்சு, உங்க தம்பியத் தின்ன மாதிரி இதையும்... சொல்லக் கூடாத வார்த்தை. சொல்லிவிட்டேன்.

நாத்தனார் என் கையிலிருந்த சட்டையைப் பார்த்தார். பிறகு சொன்னார்.

"ஆமா, தொறந்தேன். நீ குளிக்கப் போறப்பல்லாம் தொறந்தேன். ஒனக்கு அவன் புருஷன், சரி. இடுப்புல தூக்கி வளத்தவ எனக்கு மோந்து பாக்கக்கூட ஒண்ணும் கெடையாதாடி? ஒரு துண்டு, ஒரு கைலி — கேட்டனா உன்கிட்ட?"

கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை. கொடுக்கவேண்டும் என்று தோன்றவே இல்லை. அவருக்கு வாய்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம்

நாத்தனார் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார். தூங்கவில்லை, குறட்டை இல்லை.

நடந்துகொண்டே யோசிக்கிறேன். அவர் திறந்ததாலா பூசணம் வந்தது? வேர்வைச் சட்டையை மழைக்காலத்தில் பிளாஸ்டிக்கில் கட்டினால் துணிக்குச் சமாதி கட்டின மாதிரி என்று கூடத்துக்கு வருகிற புதுப் பெண்களுக்குச் சொல்லிக் கொடுப்பவள் யார்? நான்தானே. காற்றை அழுத்தி வெளியேற்றியது யார் கை?

ஜூலை 5, சனி

இப்படியே விட்டால் நூல் இற்றுப்போகும். வாசனை போனது போனதுதான். சட்டையாவது நிற்கட்டும். விடிந்ததும் வாளியில் தண்ணீர் பிடித்தேன். காவலாளி சோப்பு கொடுத்தார்.

கை தண்ணீர்வரை போகிறது, நனைக்க மாட்டேனென்கிறது. எத்தனை லட்சம் துணி நனைத்த கை!

நாத்தனார் வந்து எதிரே மணைமேல் உட்கார்ந்தார்.

பையைப் பார்க்காமல் எந்தத் துணியையும் நனைக்காதே என்பது எங்கள் கூடத்தில் முதல் பாடம். இந்தச் சட்டையின் பையில் மட்டும் நான் இதுவரை கைவிட்டுப் பார்த்ததில்லை. விட்டேன். விரலில் ஒட்டியது. ஆரஞ்சு மிட்டாய் ஒன்று, காகிதத்தோடு இளகிப்போய், பையெல்லாம் கறை. எறும்பு வந்தது இதற்குத்தான்.

நாத்தனார் கையை நீட்டி வாங்கினார். எறும்பைத் தட்டினார், காகிதத்தைப் பிய்த்தார், பல்லால் கடித்துப் பாதியாக்கி ஒரு பாதியை வாயில் போட்டுக்கொண்டார். நான் மலைத்துப்போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன பாக்கற? இத்தன வருஷத்துல வாந்தி எடுக்கற ஊரான் வீட்டுப் புள்ளைக்கெல்லாம் குடுத்தான். அக்காளுக்கு ஒண்ணு குடுத்தானா?" என்றார். மற்றப் பாதியை என் வாயில் வைத்தார்.

புளிப்பு கண்ணைச் சுருக்கியது. ரெண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். புளிப்புதான் காரணம் என்று அவர் சொன்னார்.

"அக்கா, நேத்து சொன்னத மனசுல வெச்சுக்காதீங்க" என்றேன்.

"வெச்சுக்குவேன். செத்தாலும் மறக்கமாட்டேன். காலர நான் தேய்க்கறேன், குடு" என்றார்.

ஜூலை 6, ஞாயிறு

வராந்தாக் கொடியில் சட்டை தொங்குகிறது. சொட்டுவது நின்றதே தவிர காயவில்லை. மத்தியானம் ஒரு கால் மணி நேரம் வெயில் அடித்தது. நாத்தனார் சட்டையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். அந்த வயசில் அந்த ஓட்டம். நானும் பின்னால் ஓடினேன். அப்போதுதான் கடலைப் பார்த்தேன். பெரிசாகத்தான் இருக்கிறது. நீலம்கூட இருந்தது கொஞ்சம். சட்டையைக் கைக்கு ஒருவராகப் பிடித்துக்கொண்டு நின்றோம். மறுபடி மழை.

நாளைக்கு பஸ் போகுமாம். ஊருக்குத் திரும்ப இருந்த அவசரம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஆனாலும் கால் நிற்கவில்லை, நடந்துகொண்டுதான் இருக்கிறேன். இன்றைக்கு நாத்தனாரும் கூட நடந்தார். "நீ நடக்கறதப் பாத்தாதான் தல சுத்துது, நடந்தா சுத்தல" என்கிறார்.

ஜூலை 8, செவ்வாய்

அவருடைய கைலி இரண்டையும் துண்டையும் மடித்து நாத்தனாருக்குக் கொடுத்தேன். "துவைக்காததா?" என்று கேட்டார். துவைத்ததுதான். பரவாயில்லை என்று வாங்கிக்கொண்டார்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

கூடத்தில் இன்று நல்ல வேலை. நீராவியில் பக்கத்து மெஷின்காரிக்குத் தலை கிறுகிறுத்தது. மூன்றாவது மாதம், பாவம். பையிலிருந்து ஒரு மிட்டாய் எடுத்துக் கொடுத்தேன். சப்பிக்கொண்டே என் சட்டையைப் பார்த்தாள். "பையில ஆரஞ்சுக் கறை அப்படியே இருக்கேக்கா. இதுக்குப் போடற மருந்து உங்களுக்குத் தெரியாததா?" என்றாள்.

"தெரியும்" என்றேன்.

நாத்தனார் போன் செய்தார். அடுத்த மழைக்கும் போகலாமாம், முதலாளியிடம் அவரே பேசிவிட்டாராம்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினேன். காலரை மோந்தேன். சோப்பு, நீராவி, என் வேர்வை. கைமுட்டியில் ஒரே அழுக்கு. நாளைக்கு வேலைக்கு வேண்டும். பையைப் பார்த்தேன், மிச்சமிருந்த மிட்டாயை எடுத்து வெளியே வைத்தேன், வாளியில் நனைத்துப் போட்டேன்.