மதாமின் பக்கத்து அறை

ஒபேராவுக்கு அருகில், பாரிஸ்
4.11.1986

அன்புள்ள அத்தானுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். ஒரே நகரத்தில் இருந்துகொண்டு உங்களுக்குக் கடிதம் எழுதுவேன் என்று நினைத்ததேயில்லை. லா சப்பலில் எங்கள் அறைக்கு ரெலிபோன் இல்லையே, என்ன செய்ய?

ஹோட்டல் மிகப் பழையது, ராசாக்கள் தங்கிய இடமாம். கம்பளத்தில் நடந்தால் என் காலடியே எனக்குக் கேட்பதில்லை. நான் பார்த்துக்கொள்ளும் ஜிஸ்லேன் மதாம் இங்கேயே நிரந்தரமாகக் குடியிருக்கிறார். இருமல்தான் கூட, மற்றபடி நல்ல மனுசி. என் கட்டில் அவருடைய அறைக்குள்ளேயே. பக்கத்து அறைக்கு ஒரு கதவு உண்டு, பூட்டியிருக்கிறது. அந்த அறையையும் மதாம்தான் எடுத்து வைத்திருக்கிறார். உள்ளே யாரும் இல்லை.

ஞாயிறு வருவேன். புட்டு அவித்து வையுங்கள்.

அன்புடன்,
பேர்ளி

லா சப்பல்
17.11.1986

அன்பின் பேர்ளி,

இரண்டு ஞாயிறும் கார் து நோர் ஸ்ரேசனில் நின்று, இறங்கிய ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். கால் கடுத்ததுதான் மிச்சம். பூசை முடிந்து வரும்போது மடுத்தீன் அண்ணை, "எங்கை தம்பி, பேர்ளியை அந்த ஹோட்டல் விழுங்கிப்போட்டுதோ?" என்று கேட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிள்ளை போன பிறகு உன்னைத் தனியே விட்டிருக்கக் கூடாது. ஒரு வரியாவது எழுது.

வலன்ரைன்

ஹோட்டல்
20.11.1986

அத்தான்,

கோபிக்க வேண்டாம். பக்கத்து அறையில் ஒரு பிள்ளையின் குரல் கேட்கிறது. மதாமிடம் சொன்னேன். அவருடைய மகள் ரோசாலி சின்ன வயதில் அந்த அறையில்தான் காய்ச்சலில் இறந்தாளாம். "உனக்கும் கேட்கிறதா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

ஆனால் எனக்குக் கேட்பது பிரெஞ்சு இல்லை, அத்தான். "அம்மா, இஞ்சை வாங்கோ. குளிருது." எங்கள் இம்மாகுலேற்றின் குரல். மன்னாரில் மண்ணுக்குள் வைத்த பிள்ளை இவ்வளவு தூரம் எப்படி வந்தாள்? அவளை விட்டுவிட்டு நான் எப்படி வருவது?

பேர்ளி

லா சப்பல்
27.11.1986

பேர்ளி,

நேற்று உன்னைக் கூட்டிவரத்தான் வந்தேன். முகாமையாளர் எமில் என் கெஞ்சலுக்காக அந்தக் கதவைத் திறந்து காட்டினார். வெள்ளை விரிப்புப் போட்ட கட்டில், மூடிய திரை. வேறொன்றும் இல்லை. "வடிவாப் பார், ஆருமில்லை" என்று உன்னை உலுப்பினேன். நீ "ஓம்" என்றாய், கட்டிலைப் பார்த்துச் சிரித்தபடி.

நான் லிஃப்ருக்கும் நிற்காமல் படியால் ஏன் ஓடினேன் என்று யோசித்திருப்பாய். எமில் கதவைச் சாத்தியதும் உள்ளேயிருந்து "அப்பா" என்று கேட்டது.

அது எங்கள் பிள்ளை இல்லை. எங்கள் பிள்ளையை என் கையால்தான் குழிக்குள் இறக்கினேன். திரும்பி அங்கே வர எனக்குக் கால் எழும்பாது. நீ வெளியே வந்துவிடு.

வலன்ரைன்

ஹோட்டல்
1.12.1986

அன்புள்ள அத்தானுக்கு,

உங்களுக்குக் கேட்டது எனக்குத் தெரியும். "அப்பா நிண்டவர், பிறகு ஓடிப்போனார்" என்று அவளே சொன்னாள்.

மதாம் வெள்ளிக்கிழமை இருமி இருமியே மோசம் போய்விட்டார். மூச்சு அடங்குமுன் அந்தக் கதவின் திறப்பை என் கையில் தந்தார். நான் கதவைத் திறந்து இந்தப் பக்கம் வந்துவிட்டேன். இனி எனக்காகக் கார் து நோரில் நிற்க வேண்டாம்.

இம்மாகுலேற் என் மடியில் நித்திரை. சுவரோரம் இன்னொரு பிள்ளை நிற்கிறது, நாங்கள் பேசுவது விளங்காமல். என்னுடைய பிரெஞ்சில் எப்படிச் சொல்வேன் அத்தான், உன் அம்மா இனி வரமாட்டா என்று?

பேர்ளி