பெயரெழுதி வந்த பழப்பெட்டிகள்

அனுப்புபவர்:
மாணவி கோ. கிருசாந்தினியின் சிறிய தாயார்
(பெயர் கடிதத்தின் அடியில்),
ஸ்தாசியோனே சென்ட்ராலே (மத்திய புகையிரத நிலையம்) பின்தெரு,
பலேர்மோ, இத்தாலி.

பெறுபவர்:
கொன்சலர் அலுவலர் அவர்கள்,
இலங்கைத் தூதரகம்,
உரோம்.

பொருள்: கலை வரலாறு படிக்கும் இலங்கை மாணவி கோபாலசிங்கம் கிருசாந்தினிக்குப் பாதுகாப்புக் கோருவதும், எங்கள் வீட்டுக்கு வரும் பழப்பெட்டிகள் பற்றியதும்.

மதிப்புக்குரிய ஐயா,

1. கிருசாந்தினி என் அக்காவின் மகள். கிளிநொச்சியிலிருந்து மாணவர் விசாவில் வந்து, எங்கள் வீட்டில் தங்கி, இங்குள்ள பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு படிக்கிறாள். என் கணவர் யோகராசா, எங்கள் மகள் சாரங்கா, நான், இவள் என வீட்டில் நான்கு பேர். நான் தேவாரப் புத்தகத்தை வைத்து எழுதப் படிக்கப் பழகியவள். பிழையிருந்தால் பொறுத்தருளவும்.

2. சில வருடங்களுக்கு முன் துறைமுக வேலையில் கம்பி தெறித்து என் கணவரின் இடக்கண் போகப் பார்த்தது. இங்கே கண்ணுக்கு லூசியா மாதா என்றார்கள். அம்மன் எந்தப் பெயரில் இருந்தால் என்ன என்று நேர்ந்துகொண்டேன். கண் பிழைத்தது. யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் வெள்ளிக் கண்மலர் செய்வித்து, மாதாவின் திருநாளன்று மட்டும் திறக்கும் ஒரு பழைய பிரபுக் குடும்பத்தின் சிற்றாலயத்தில் வைத்தேன். யாருடைய கண் என்பதை மாதா மறந்துவிடக்கூடாதே என்று, பின்பக்கத்தில் ஊசியால் ‘யோ’ என்று கீறியிருந்தேன்.

3. கிருசாந்தினிக்குப் படிப்பின் பயிற்சி அதே ஆலயத்தில் கிடைத்தது. நேர்த்திப் பொருட்களைப் படமெடுத்துப் பதிவதுதான் வேலை. என் கண்மலர் அங்கே இல்லை என்று வந்து சொன்னாள். பிறகு ஒரு நாள் அதை ஏல விற்பனைக்காரரின் புத்தகத்தில் கண்டாள். ‘பதினெட்டாம் நூற்றாண்டுச் சிசிலி வெள்ளி. பின்புறத்தில் அடையாளம் தெரியாத கைவினைஞரின் முத்திரை’ என்று போட்டிருந்தது. விழுந்து விழுந்து சிரித்தோம். தன்னை இனி மாயெஸ்த்ரோ, பெரிய கலைஞர், என்று கூப்பிடவேண்டும் என்றார் என் கணவர். அந்தச் சிரிப்போடு விட்டிருக்கலாம்.

4. பிள்ளை அதை வகுப்பில் எல்லாருக்கும் படமாகக் காட்டி, இது தமிழெழுத்து, என் சித்தப்பா யோகராசாவின் பெயர் என்று சொல்லியிருக்கிறாள். மாணவர்கள் சிரித்தார்களாம். ஆலயத்துக்குரிய பிரபுக் குடும்பத்தின் சார்பில் வந்திருந்த பயிற்சிப் பொறுப்பாளர் மட்டும் சிரிக்கவில்லை. அந்தப் பெயரை இன்னொரு முறை சொல்லும்படி கேட்டாராம். பழைய வெள்ளி என்று ஆலயத்திலிருந்து விற்றதில் ஒன்று பொய்யென்றால், அதோடு விற்ற மற்றவற்றையும் ஆட்கள் திருப்பிப் பார்ப்பார்கள் என்பது அப்போது எங்களுக்கு விளங்கவில்லை.

5. அந்தக் கிழமையே வாசலில் ஒரு பெட்டி மண்டரின் தோடம்பழம், பக்கத்துச் சியாகுல்லித் தோட்டங்களில் விளைவது, இருந்தது. மேலே கிருசாந்தினியின் பெயர். அனுப்பியவர் பெயர் இல்லை. சாமிக்கு வைத்துவிட்டுச் சாப்பிட்டோம். அடுத்த பெட்டி யோகராசா என்ற பெயருக்கு வந்தது. துறைமுகத்தில் அவர் வெறும் ‘ராசா’. வாசல் மணியிலும் வீட்டுச் சொந்தக்காரரின் பெயர்தான். முழுப்பெயர் சொல்லப்பட்டது அந்த வகுப்பில். அன்றிலிருந்து அந்தப் பழத்தைச் சாமிக்கு வைப்பதில்லை. உப்பு, புளி வரை கணக்கெழுதுகிறவள் நான். இதை யார் பெயரில் வரவு வைப்பதென்று தெரியவில்லை.

6. காவல் நிலையத்துக்கும் போனோம். பழம் தந்தவனுக்கு எதிராக என்ன எழுதுவது சின்யோரா என்று அங்கிருந்தவர் சிரித்தபடி கேட்டார். யாராக இருக்கலாம் என்று சொன்னோம். பேனையை மூடிவிட்டு, வீட்டுக்குப் போகச் சொன்னார்.

7. பொறுப்பாளர் ஒரு நாளும் கோபப்பட்டதில்லை. தான் தவறாகப் பார்த்துவிட்டதாகக் கிருசாந்தினி ஒரு கடிதத்தில் ஒப்பமிட்டால், பயிற்சிச் சான்றிதழ் உடனே தரலாமாம். மார்ச் முடிவதற்குள் ஒப்பமிட வேண்டும். சான்றிதழ் இல்லையென்றால் பரீட்சை இல்லை. பரீட்சை இல்லையென்றால் பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க முடியாது. “சின்னம்மா, நீங்கள் வைச்சதை இல்லையெண்டு நான் என்னெண்டு எழுதுறது?” என்கிறாள் பிள்ளை. “எழுதிக் குடுத்திட்டு உயிரோடை இருப்பம்” என்கிறார் என் கணவர். ஒரே மேசையில் இருவருக்கும் சோறு போடுகிறேன்.

8. நேற்று மூன்றாவது பெட்டி வந்தது. மேலே சாரங்காவின் பெயரும், பள்ளிக்கூடத்தில் அவள் படிக்கும் வகுப்பும் எழுதியிருந்தன. வகுப்பிலோ காவல் நிலையத்திலோ அவள் பெயரை நாங்கள் சொன்னதில்லை. பழங்களுக்கு அடியில், இலைகளுக்குள், என் கண்மலர் இருந்தது. நன்றாக மினுக்கியிருந்தார்கள். திருப்பிப் பார்த்தேன். ‘யோ’ இல்லை. தேய்த்து வழுவழுப்பாக்கியிருந்தது. கொடுத்த நேர்த்தி வீடு திரும்பக்கூடாது, ஐயா. சாமியறையில் வைக்கவும் மனம் வரவில்லை, வெளியே எறியவும் பயமாயிருக்கிறது. துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். நேற்றிலிருந்து என் கணவர் இடக்கண்ணைக் கசக்கிக்கொண்டே இருக்கிறார்.

ஆகவே, கிருசாந்தினி தன் பயிற்சியை வேறோர் இடத்தில் முடிப்பதற்குத் தூதரகத்தின் பெயரில் பல்கலைக்கழகத்துக்கு எழுதி உதவுமாறும், ஒப்பமிடச் சொன்ன நாளுக்கு முன்னதாக ஓர் அலுவலரை அனுப்பி இந்தக் கண்மலரைத் தங்கள் பொறுப்பில் எடுக்குமாறும் பணிவாய்க் கேட்டுக்கொள்கிறேன். வேறொன்றும் முடியாவிட்டாலும், இந்த மனு கிடைத்தது என்று ஒரு வரியாவது எழுதுங்கள். நாங்கள் இங்கே இருக்கிறோம் என்று எங்கேயோ ஓரிடத்தில் பதிவிருக்கட்டும்.

இந்த வீட்டில் பெட்டியின் மேல் இன்னும் எழுதப்படாத பெயர் என்னுடையது மட்டும்தான். கடிதத்தின் தலைப்பில் எழுதக் கை வரவில்லை. அவர்கள் எழுதுவதற்கு முன் நானே எழுதுகிறேன்.

பலேர்மோ,
24.02.2025.

(ஒப்பம்)
புஸ்பவதி யோகராசா