முகம் காட்டாத சிறுமி

பார்மத், வேல்ஸ்
மார்ச் 1998, வியாழன்

அன்புள்ள எம்ரிஸ்,

சுகம்தானே? இங்கே இரண்டு நாளாகக் கடல் காற்று. தோட்டத்து வேலி ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. பக்கத்து வீட்டு இவான் கட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். இருமல் மருந்து பையின் பக்க அறையில் இருக்கிறது, மறக்காமல் குடி.

உன் இயக்குநர் ஃபிலிப்பா தொலைபேசியில் பேசினாள். பாவம், அழாத குறை. நீ எழுதிய பழைய தொலைக்காட்சித் தொடரைச் சினிமாவாக எடுக்க உன்னையே லண்டனுக்கு அழைத்தவள் அவள். விண்வெளியில் தொலைந்த சிறுமியைக் கப்பல் திரும்பிப் போய்க் காப்பாற்றும்படி அவள் முடிவை மாற்றியதும், "அது என் கதை இல்ல, என் பேர எடுத்துடுங்க" என்று ஓட்டல் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாயாம்.

டிக்கெட் விற்கச் சுப முடிவு தேடுகிறார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். அவள் சொன்னது வேறு. அந்தப் பகுதி ஒளிபரப்பானபோது அவளுக்கு எட்டு வயதாம். கப்பல் ரேடியோவில் வந்த சிறுமியின் குரல் தேய்ந்து தேய்ந்து நின்றுபோனதும், வெகுநாள் ரேடியோவைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கினாளாம். "அவ திரும்பக் கூப்பிட்டா கேக்க ஆள் வேணுமில்ல?" என்றாள்.

எம்ரிஸ், அதை நீ எழுதிய குளிர்காலம் எனக்கும் நினைவிருக்கிறது. பாங்கர் ஆஸ்பத்திரியிலிருந்து நாம் இருவர் மட்டும் வீடு திரும்பிய குளிர்காலம். சமையலறையில் உன் தட்டச்சு ஓசையைப் படுக்கையில் கிடந்து கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு தொலைக்காட்சியில் அந்தக் குரல், "வெளக்க அணைக்காதீங்கப்பா" என்றது. நம் மகள் லோரி உன்னிடம் கடைசியாகச் சொன்னதை அப்படியே எழுதியிருந்தாய். நான் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினேன். இத்தனை வருடமும் நாம் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

நடந்தது எதுவென்று உனக்கும் எனக்கும் தெரியும். அதை யாராலும் மாற்ற முடியாது. ஆனால் படத்திலும் அவளை அங்கேயே விட்டுவிடாதே.

உன்
நெஸ்டா

லண்டன்
திங்கள்

என் நெஸ்டாவுக்கு,

கடிதம் கிடைத்தது. இருமல் தேவலை.

ஃபிலிப்பாவிடம் மன்னிப்புக் கேட்டேன். காப்பாற்றும் காட்சியை நானே எழுதிக் கொடுத்துவிட்டேன். கேப்டனாக நடிப்பவர் அதைப் படித்துவிட்டு வெளியே போய் நின்றார்.

தொடரில் அவளுக்குக் குரல் மட்டும்தானே. இப்போது முகம் வேண்டுமாம். மூன்று குழந்தைகளை என் எதிரே கொண்டுவந்து நிறுத்தினார்கள். தலைமுடி எப்படி, கோட்டு என்ன நிறம் என்று கேட்கிறார்கள்.

சனிக்கிழமை ரயிலில் வந்துவிடு. நீ சொல்.

எம்ரிஸ்