கழுவாத சாவி

மார்ச் 12

டிக்கெட் கவுண்டர் அம்மாவுக்கு,

பூட்டுக் கடைக்காரன் எழுதுகிறேன். நீங்கள் கொடுத்த எண்ணுக்குப் போன் செய்தேன். 'சேவையின் தரத்தை உயர்த்த இந்த உரையாடல் பதிவு செய்யப்படுகிறது' என்றது ஒரு குரல். விமானத்தை விழவைத்து என் பெண்ணைச் சாகடித்துவிட்டு இன்னும் எந்தத் தரத்தை உயர்த்தப் போகிறீர்கள்? வைத்துவிட்டேன். எனக்குப் பதிவாகாமல் ஒரு விஷயம் பேச வேண்டும். அதனால்தான் நீங்கள் எழுதிக் கொடுத்த வீட்டு முகவரிக்கு இந்தக் கடிதம்.

விபத்து நடந்த வாரம் முழுக்க, உங்கள் கம்பெனி தங்கவைத்த ஓட்டலில் எங்களோடு இருந்தீர்கள். பிணவறைக்கும் கூடவே வந்தீர்கள். "இந்தப் பொண்ணு கல்லு மாதிரி நிக்குதே, ஒரு சொட்டுக் கண்ணீர் வரலையே" என்று என் வீட்டுக்காரி பொருமிக்கொண்டே இருந்தாள். லிஃப்ட் பக்கம் நீங்கள் அடையாள அட்டையை வாயில் கடித்துக்கொண்டு அழுததை நான் பார்த்தேன். அவளிடம் சொன்னேன். அப்புறம் அவள் அப்படிச் சொல்வதை விட்டுவிட்டாள்.

கம்பெனியிலிருந்து ஒரு தாள் வந்திருக்கிறது. மகளின் பொருள் ஏதாவது கிடைத்தால் கழுவி அனுப்பவா, அப்படியே அனுப்பவா என்று கேட்கிறார்கள். பெட்டியும் வேண்டாம், துணியும் வேண்டாம். எங்கள் வீட்டு வாசல் சாவி அவளிடம் இருந்தது. அது மட்டும் வேண்டும். கழுவ வேண்டாம்.

இப்படிக்கு,
பூட்டுக் கடைக்காரன்

*

மார்ச் 23

மதிப்புக்குரிய ஐயா,

நான் வெறும் டிக்கெட் கொடுக்கிறவள். விபத்து என்று வந்தால் குடும்பத்துக்கு ஒருவராகத் துணைக்கு அனுப்ப, எங்களில் சிலருக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்து வைத்திருந்தார்கள். குடும்பத்தார் முன்னால் அழக்கூடாது. மன்னிப்புக் கேட்கக்கூடாது, கேட்டால் கோர்ட்டில் தப்பை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமாம். அதனால்தான் கல் மாதிரி நின்றேன். அம்மாவிடம் சொல்லுங்கள்.

மற்றபடி இங்கே எல்லாம் கச்சிதம். கேமராக்கள் வருவதற்குள் விழுந்த விமானத்தின் வாலில் இருந்த கம்பெனிப் பெயரை வெள்ளை பெயிண்ட் அடித்து மறைத்தாகிவிட்டது. இணையதளத்தில் சிரித்த முகங்களை எல்லாம் எடுத்துவிட்டுக் கறுப்பு வெள்ளை ஆக்கிவிட்டார்கள். விளம்பரங்களை நிறுத்திவிட்டார்கள். கழிவறையில் குழாய் ஒழுகுகிறது என்று நாங்கள் மாதக்கணக்கில் கத்தினாலும் ஆள் அனுப்பாத ஆபீஸ் இது, ஐயா.

சாவியைப் பற்றிக் கேட்டேன். "இரும்பும் தகரமுமா மலை மாதிரி கிடக்கு. அதுல ஒரு சாவியை எங்கேன்னு தேடறது?" என்றார் அதிகாரி. பார்த்தால் தெரிகிற மாதிரி அடையாளம் எழுதுங்கள். நான் விட மாட்டேன்.

தங்கள்,
கவுண்டர் பெண்

*

ஏப்ரல் 2

அன்புள்ள பெண்ணே,

ஐயா கொய்யா எல்லாம் வேண்டாம். நானும் இனி உன்னை 'நீ' என்றே எழுதுகிறேன், என் மகள் வயசுதான் உனக்கும்.

பித்தளைச் சாவி. நானே வெட்டியது. தலையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை, ஒன்றில் நீல நூல். நூல் எரிந்திருக்கும். ஓட்டைகள் இருக்கும்.

வேலைக்காக அவள் வெளிநாடு கிளம்பிய அன்று, "சாவியைக் குடுத்துட்டுப் போடி, அங்கே இதுக்கு எந்தக் கதவு இருக்கு?" என்று கிண்டல் செய்தேன். செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "சாவி கையில இருந்தா வீடு எங்கேயும் போயிடாதுப்பா." எப்போது லீவில் வந்தாலும் சொல்லாமல் கொள்ளாமல் வந்து, தானே திறந்துகொண்டு உள்ளே நிற்பாள். அவள் அம்மா அலறுவாள். இவள் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

அவள் சொன்ன அந்த வார்த்தையை நான் வீட்டுக்காரியிடம்கூடச் சொன்னதில்லை. தாங்க மாட்டாள். உன்னோடு இருக்கட்டும்.

இதோடு அதே வெட்டில் ஒரு சாவி வைத்திருக்கிறேன். ஒப்பிட்டுப் பார்க்க உதவும். அப்புறம் நீயே வைத்துக்கொள். இந்தப் பக்கம் வந்தால் பெல் அடித்துக்கொண்டு வாசலில் நிற்காதே.

அன்புடன்,
பூட்டுக்காரன்

*

மே 19

அன்புள்ள அப்பா,

அப்படிக் கூப்பிடலாம் அல்லவா?

சாவி கிடைத்துவிட்டது! வளைந்து, கறுத்துப் போயிருக்கிறது. இரண்டு ஓட்டையும் அப்படியே இருக்கின்றன. கையில் வாங்கியதும் பயிற்சியெல்லாம் பறந்துவிட்டது, எல்லார் முன்னாலும் ஓவென்று அழுதுவிட்டேன்.

முதலில் அவர்கள் அசையவே இல்லை. 'சரியான காரணம் காட்டினால் மேலே அனுப்புகிறோம்' என்றார்கள். எழுதிக் கொடுத்தேன். கம்பெனி மேலிடத்துப் பெரிய அம்மா ஒருவர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறுநாளே எல்லாவற்றையும் மறுபடி சலிக்க ஆள் போட்டார்கள். கல்லுக்குள்ளும் ஈரம் இருக்கிறது அப்பா.

தபாலில் அனுப்ப மனசில்லை. நானே கொண்டு வருகிறேன். கழுவவில்லை.

உங்கள்,
கவுண்டர் மகள்

*

ஜூன் 6

அன்பு மகளே,

நீ பெல் அடிக்காமல் திறந்துகொண்டு வந்தபோது உன் அம்மா சமையலறையிலிருந்து ஓடி வந்தாள் பார், அந்த ஓட்டத்தை எத்தனை நாளாயிற்று நான் பார்த்து. உன்னைக் கண்டதும் முகம் விழுந்துவிட்டது. அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதே. அப்புறம் நாள் முழுக்க உன்னை விடவில்லையே.

வளைந்த சாவி அவள் தலையணைக்கு அடியில் இருக்கிறது. நிமிர்த்த எனக்கு ஒரு நிமிஷம் ஆகாது. கை வரவில்லை. அடுத்த முறை ராத்தங்குகிற மாதிரி வா.

அப்பா

*

நவம்பர் 14

மகளே,

ஒருத்தர் காருக்குள் சாவியை வைத்துப் பூட்டிவிட்டார் என்று, திறந்து கொடுக்கப் பஸ் நிறுத்தத்துக்குப் போனேன். வீட்டுக்காரியும் மருந்து வாங்கக் கூட வந்தாள். தலைக்கு மேலே விளம்பரப் பலகை. யாரோ ஒரு பெண் சிரித்துக்கொண்டு பித்தளைச் சாவியைத் தூக்கிக் காட்டுகிறாள். சாவியின் தலையில் இரண்டு ஓட்டை, நீல நூல். 'சாவி கையில் இருந்தால் வீடு எங்கேயும் போய்விடாது.' கீழே உன் கம்பெனிப் பெயர், புது நிறத்தில்.

உன் அம்மா நின்று முழுசாகப் படித்தாள். "நல்லா எழுதியிருக்காங்க இல்ல?" என்றாள். அது யார் சொன்னது என்று அவளுக்குத் தெரியாது. நான் என்னவென்று சொல்வேன்? கார்க்காரர் "என்னண்ணே, உடம்பு சரியில்லையா?" என்று தண்ணீர் கொடுத்தார். கதவைத் திறக்காமலே திரும்பி வந்துவிட்டேன்.

பதிவாகக்கூடாது என்றுதானே உனக்குக் கடிதம் எழுதினேன்?

அப்பா

*

நவம்பர் 20

அப்பா,

சத்தியமாக அந்தச் சாவி கிடைக்க வேண்டும் என்றுதான் எழுதினேன். வேறு எந்தக் காரணமும் அவர்களை அசைக்கவில்லை. உங்கள் பெண் சொன்னதை எழுதினால் மனசு இளகும் என்று நினைத்தேன், இளகவும் செய்தது. அது விளம்பரக்காரர்கள் மேசைக்குப் போகும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

பெரிய அம்மாவிடம் போய்ச் சண்டை போட்டேன். "ஜனங்க நம்ம மேல மறுபடி நம்பிக்கை வைக்கிறாங்கம்மா. பேரு ஊரு எதுவும் போடலையே. அந்தப் பொண்ணுக்கு இதைவிட நல்ல அஞ்சலி என்ன இருக்கு?" என்றார். பேசும்போது மறுபடியும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வேலையை விட்டுவிட்டேன். பலகை அப்படியே இருக்கிறது.

இப்போது என்னைத் தடுக்க எந்தப் பயிற்சியும் இல்லை. என்னை மன்னித்துவிடுங்கள் அப்பா. ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா? அம்மா காலில் விழுந்து நானே எல்லாவற்றையும் சொல்கிறேன்.

உங்கள் மகள்

*

நவம்பர் 27

டிக்கெட் கவுண்டர் அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். வீட்டுக்காரிக்கு எதுவும் தெரிய வேண்டாம். அந்தப் பலகையைக் கடக்கும்போதெல்லாம் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு வருகிறாள். அவளுக்கு அது பிடித்திருக்கிறது.

நீங்கள் நல்ல மனசோடுதான் செய்தீர்கள். எனக்கு அது தெரியும். வேலையை விட்டிருக்க வேண்டாம். ஆனால் ஒவ்வொரு முறை வாசலைத் திறக்கும்போதும் என் பெண்ணின் குரல் கேட்கும் எனக்கு. இப்போது அந்தப் பலகைதான் வந்து நிற்கிறது. முடியவில்லை.

நேற்று வாசல் பூட்டை மாற்றிவிட்டேன். "நல்லாத்தானே இருந்துச்சு, எதுக்கு மாத்தறீங்க?" என்று வீட்டுக்காரி கேட்டாள். துருப்பிடித்துவிட்டது என்றேன். அப்புறம் உள்ளே போய்த் தலையணைக்கு அடியிலிருந்து சாவியை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள்.

உங்களிடம் இருக்கும் சாவியைத் திருப்பி அனுப்ப வேண்டாம். அது இனி இந்தக் கதவைத் திறக்காது. என் பெண்ணுடையதும் அப்படித்தான்.

இப்படிக்கு,
பூட்டுக் கடைக்காரன்