மாப்பிள்ளைக்குப் போன மஞ்சள் கரு

நவ. 3, 1956. சனி
விடியலிலிருந்து அடைமழை. குடை ஒன்று, அதிலும் கம்பி ஒடிந்தது; ஆள் இரண்டு. ஜுலைகாவை டாக்டரிடம் கூட்டிப் போனேன். ஆறாம் மாதம். நாலு படி ஏறினால் தலைசுற்றல். டாக்டர் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். ஒரே வெளுப்பு.

"ரத்தம் பத்தலை. இப்படியே போனா பிரசவத்தத் தாங்க மாட்டாங்க. தினம் ரெண்டு மஞ்சக் கரு, நல்லா வேகவச்சு. கீரை, டானிக்."

பிரெஞ்சுக்காரன் ஊரை விட்டுப் போய் இரண்டு வருஷமாகியும் சீட்டில் பிரெஞ்சுக் கிறுக்கல். அவள் உம்மா, என் மாமி, மாப்பிள்ளை முன்னே வரமாட்டார்; திரைக்கு இந்தப் பக்கம் நின்று அப்படியே ஒப்பித்தேன். "ஆகட்டும் மாப்பிள்ளை." குரல் மட்டும்.

வாங்க: டானிக், மண்ணெண்ணெய்.

நவ. 17. சனி
மறுபடி டாக்டர். வெளுப்பு அப்படியே. "சாப்பிடுறாங்களா?" தினமும் என்றேன். வழியெல்லாம் எனக்கு அதே கவலை. அவளுக்கோ என் சட்டையைப் பார்த்துச் சிரிப்பு. "மச்சான், பொத்தான் தெறிச்சுடும் போல."

நவ. 18. ஞாயிறு
வெயில். துணி காய்ந்தது.

காலையில் பசியாற வழக்கம்போல என் தட்டு. இடியப்பம், கிண்ணத்தில் மஞ்சள் கருவும் சீனியும் நெய்யில் கிண்டியது. பெண் வீட்டில் இருக்கும் மாப்பிள்ளைக்கு இது இல்லாமல் விடியாது. வாயில் போட்டுக்கொண்டே ஜுலைகாவிடம், "உனக்கும் இதானே?" என்றேன்.

"எனக்கு வெள்ளைதான். மஞ்சள் மாப்பிள்ளைக்காம். எல்லாம் ஒரே முட்டைதானேங்குது உம்மா."

கிண்ணத்தைக் கீழே வைத்தேன். அட மடையா! இரண்டு வாரம் அவள் மருந்தைத் தின்று தொந்தி வளர்த்திருக்கிறேன்.

தட்டைத் திருப்பி அனுப்பினால் மாப்பிள்ளைக்குக் கோபம் என்று தெருவே பேசும். மாமி உடைந்துபோவார். கதவைச் சாத்தினேன். "வாயைத் தொற." "ஐயோ, உம்மா பாத்தா?" "தொறடி." கிண்ணம் காலி. உதட்டோரம் துடைத்துவிட்டேன். இவள் இல்லாமல் நான் என்னாவேன்.

நவ. 25. ஞாயிறு
தினமும் கதவு சாத்தல். மாமி பக்கத்து வீட்டில் பெருமை: "மாப்பிள்ளை வழிச்சு வழிச்சுச் சாப்பிடுறாங்க." சுருக்கென்றது. பொத்தான் இப்போது சுலபமாக மூடுகிறது. குடைக் கம்பி இன்னும் சரிசெய்யவில்லை.

டிச. 1. சனி
டாக்டர் இமையை இழுத்தார். "லேசாச் சிவப்பு தெரியுது. விடாமக் குடுங்க." அல்ஹம்துலில்லாஹ். திரும்பும்போது தூறல். ஒடிந்த குடைக்குள் அவள் கையை விடவே இல்லை.

டிச. 2. ஞாயிறு
தட்டு வந்தது. கிண்ணம் பெரிசு. கரண்டி இரண்டு.

திரைக்குப் பின்னால் மாமி: "கதவைச் சாத்திக்குங்க மாப்பிள்ளை."