யார் பேரில் வீடு

அன்புள்ள அக்கா,

என் விரல்களில் இன்னும் முத்திரை மையின் வாசம் போகவில்லை. நிலக் கச்சேரியில் இன்று காலை, மை காயும் முன்பே அவசரப்பட்டுப் பத்திரத்தை மடித்துவிட்டேன். நான் வாங்கியது புந்தோங்கில், உங்கள் வீட்டிலிருந்து நான்காவது வீடு. தகரக் கூரை, இரண்டு அறை, பின்னால் ஒரு ரம்புத்தான் மரம். மேசை நாற்காலி இன்னும் வரவில்லை. தரையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். சாப்பிடவும் தோன்றவில்லை. முதலில் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று காகிதத்தை எடுத்துவிட்டேன். நீங்கள் காய்ச்சலில் போய் இரண்டு வருடமாகிறது என்பது எழுதத் தொடங்கிய பிறகுதான் உறைத்தது.

நீங்கள் வீடு வாங்கியது, ரப்பர் விலை படுத்துத் தோட்டத்தில் ஆள் குறைத்த வருடம். மாதக் கடைசிக்குள், தோட்டம் கூலியாட்களுக்குக் கொடுத்திருந்த லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். நீங்கள் மாடுகளில் இரண்டை விற்று, ஒரு சீனக் கிழவரின் பலகை வீட்டுக்கு விலை கொடுத்து முடித்திருந்தீர்கள். பள்ளிக்கூடம் எனக்குக் கொடுத்திருந்த வீட்டுக்குப் பால் ஊற்ற வந்தபோது, "டீச்சரம்மா, கச்சேரி வரைக்கும் தொணைக்கு வாரீங்களா? காகிதத்தப் பாத்தா எனக்கு ஒண்ணும் வெளங்காது" என்றீர்கள்.

கச்சேரியில் எழுத்து வேலை பார்த்த யாழ்ப்பாணத்துக் கிராணி முத்திரை வரி கேட்டார். நீங்கள் விடவில்லை.

"வீட்டு வெலயத்தான் குடுத்தாச்சே. இது வேற எதுக்குங்க?"

"வீடு கைமாறினால் அரசாங்கத்துக்குக் கட்டத்தான் வேணும். கட்டாட்டி பதிவு இல்லை."

"கட்டிட்டா, வெளிய போன்னு என்னைய யாராச்சும் சொல்ல முடியுமா?"

"ஏலாது."

"அப்ப ரெண்டு வாட்டி வேணும்னாலும் கட்டுறேன்."

சிரித்துக்கொண்டே கிராணி, "வீடு ஆர் பேரிலை?" என்று கேட்டார். நீங்கள் கொஞ்சமும் யோசிக்காமல், தோட்டத்தில் உங்களை வேலை வாங்கிய கங்காணியின் பெயரைச் சொன்னீர்கள். வரி ரசீதைப் படித்துக்கொண்டிருந்த நான் அதைக் கவனிக்கவில்லை. கிராணி எழுதி முடித்து முத்திரையை மையில் ஒற்றியபோதுதான் தாளைப் பார்த்தேன். என்னை மறந்து அவர் கையைப் பிடித்துவிட்டேன். இன்னும் ஒரு நொடி போயிருந்தால் வீடு கங்காணியுடையது.

"என்னக்கா செஞ்சீங்க?"

"அவரு பேரு இல்லாம எப்படிம்மா எழுதுவாங்க? நான் அவரு ஆளுதானே. அரிசி, மருந்து, எம்புள்ள பொறந்தது, எல்லாமே அவரு பேருக்குக் கீழதான் எழுதுனாங்க."

கிராணி முணுமுணுத்தபடி வேறு தாள் எடுத்தார். இந்த முறை உங்கள் பெயரை, மலைக்கு அந்தப் பக்கம் இருப்பவரைக் கூப்பிடுவதுபோலச் சொன்னீர்கள். வாசலில் நின்ற பியூன் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தான். நான் சிரித்தேன், அக்கா. வீடு வரைக்கும் சிரித்தேன். மதராஸில் கல்லூரிப் படிப்பு முடித்தவள் அல்லவா, இந்தத் தவறு எனக்கு வராது என்ற நினைப்பு.

தாப்பாவில் இருக்கும் அண்ணன் போன வாரம் எழுதியிருந்தார். பெண் பெயரில் வீடு எதற்கு, தன் பெயரில் பதிந்தால் பாதுகாப்பு என்று. நான் பதில் போடவில்லை. உள்ளுக்குள் சரியென்றே எடுத்துக்கொண்டேன் போலிருக்கிறது. இன்று வரியைக் கட்டி ரசீதை நீட்டியபோது, அதே கிராணி, தலை நரைத்துப்போயிருந்தார், அதே கேள்வியைக் கேட்டார்.

அண்ணன் பெயரின் முதல் எழுத்தைச் சொல்லியும்விட்டேன்.

கிராணியின் பேனா தாளைத் தொட்டது. அந்த நொடியில் என் காதில் விழுந்தது உங்கள் குரல். "நான் அவரு ஆளுதானே." பதினெட்டு வருடம் பள்ளிக்கூடத்து வீட்டில், அதற்கு முன் அப்பா வீட்டில் இருந்த நானும் அதைத்தான் சொல்லப் பார்த்தேன்.

"இல்லை. அந்தத் தாளைக் கிழியுங்கள்" என்றேன்.

பிறகு என் பெயரைச் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகத்தான் சொல்லிவிட்டேன் போல. கிராணி பேனாவை நிறுத்திவிட்டு என்னை உற்றுப் பார்த்தார்.

"உங்களோடை முந்தி ஒரு பால்கார அம்மா வந்தவ, இல்லையோ?" என்றார்.

"இன்னைக்கும் வந்திருக்காங்க" என்றேன்.