பிரிவு ரோட்டில் கை காட்டுகிறவள்

ஆடி 5, திங்கள்

விடிந்ததிலிருந்து காற்று. கொடியில் போட்ட வேட்டி பக்கத்து வீட்டு முருங்கையில். கம்பு விட்டு எடுத்ததில் ஒரு மூலை கிழிசல்.

எனக்கு எழுத்துத் தெரியாது. மருமகள் தமிழ்ச்செல்வி போனில் மைக் படத்தைக் காட்டி, "இத அமுக்கிட்டுப் பேசுங்க மாமா, அதுவே எழுதிக்கும்" என்றாள். பேசுகிறேன். என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க முடியாது. அதுவும் நல்லதுதான்.

இன்றைக்கும் பஸ் நிற்கவில்லை. செந்துறையிலிருந்து அரியலூர் போகிற காலை பஸ். எங்கள் பிரிவு ரோட்டில் மருமகள், பக்கத்து வீட்டு ராஜகுமாரி, இன்னும் சில பெண்கள். எல்லோரும் அரியலூர்ப் பக்கம் தையல் கம்பெனி வேலை. கையைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள், பஸ் புழுதியைக் கொடுத்துவிட்டுப் போகிறது. அடுத்தது வெயில் ஏறின பிறகுதான்.

ராத்திரி மருமகள் சாப்பிடவில்லை. கேட்டேன்.

"சூப்பர்வைசர் முடிவா சொல்லிட்டாரு மாமா. இந்த வாரம் பொறுத்துக்குறாராம். வர்ற திங்கக்கெழமையும் லேட்டுன்னா அப்புடியே வூட்டுக்குப் போயிடுங்கன்னுட்டாரு."

மகன் கேரளத்தில் கட்டட வேலை. அங்கே மழை, வேலை இல்லை. இப்போது இவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது.

என் வீட்டுக்காரி அஞ்சலை அடுப்படியிலிருந்தே, "அந்த டிரைவர் கண்ணுல மண்ணு விழ" என்றாள். விழுந்தால் சுத்தமாகவே நிற்கமாட்டானே என்றேன். கரண்டியோடு வந்து முறைத்துவிட்டுப் போனாள்.

ஆடி 6, செவ்வாய்

அரியலூர் போனேன். பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்த டிரைவரைப் பிடித்தேன். சண்டை போடத்தான் போனது. ஆள் தன்மையாகப் பேசினார்.

"வேணும்னேவா போறேன் பெரியவரே? வளைவு திரும்புனா ரெண்டு பக்கமும் கருவ முள்ளு. ஆளு நிக்கிறது கண்ணுல படுறதுக்குள்ள வண்டி பள்ளத்துல எறங்கிடுது. அங்க பிரேக் அடிச்சன்னா பின்னாடி வர்ற சிமெண்டு லாரி பஸ்ஸுக்குள்ளயே ஏறிடும்."

கண்டக்டர் வடையைக் கடித்துக்கொண்டே, "வளைவுலேருந்தே தெரியுற மாதிரி ஒரு ஆள நிக்க வைங்க. பனமரம் ஒசரத்துக்கு!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

திரும்பி வருகிற வழியில் சிரிப்பு இறங்கிவிட்டது. அந்த ஆள் மட்டும் மனசை விட்டு இறங்கவில்லை. பனைமர உயரத்துக்கு ஒரு ஆள். ஏன் கூடாது?

ராஜகுமாரி, "போர்டு எழுதி வைக்கலாமே பெரியப்பா" என்கிறாள். ரோடு முழுக்க போர்டுதான். எவன் பார்க்கிறான். ஆளைப் பார்த்தால்தான் கால் பிரேக்குக்குப் போகும்.

ஆடி 7, புதன்

காற்று குறையவில்லை. முட்டி வலி. ஆனாலும் வெளியே போனேன். கிடைத்தது:

எலி கடித்த சொட்டுநீர்க் குழாய், ஒரு சுருள்.
கால் போன பிளாஸ்டிக் நாற்காலி. கவிழ்த்தால் தோள்.
சின்ன வெங்காயம் போட்டு வருகிற சிவப்பு வலைப்பை, ஒரு கட்டு. புடவைக்கு.
சிமெண்டுச் சாக்கு. வயிறு, இடுப்பு.
கலர் குடிக்கிற பாட்டில்கள். விரல்.
பிளாஸ்டிக் முறம். உள்ளங்கை!

முறத்தில் பாட்டில்களைக் கட்டித் தூக்கிப் பார்த்தேன். நிஜமாகவே கைதான். தெருவில் போன மாட்டுக்காரர் பதிலுக்குக் கை காட்டிவிட்டுப் போனார்.

தலைக்குத்தான் தகராறு. அஞ்சலையின் மஞ்சள் குடம் ஓட்டை.

"ஓட்டன்னா என்ன? அதுல தவிடு வச்சிருக்கேன்."

"தவிட்ட சாக்குல கொட்டு."

"சாக்கத்தான் ஒம்ம பொம்பள வயித்துக்குத் திணிச்சிட்டீரே!"

கடைசியில் கொடுத்தாள். தவிட்டை எங்கே கொட்டினாள் என்று கேட்கவில்லை.

ஆடி 8, வியாழன்

நான் கம்பி கட்டின ஆள். எறையூர் சர்க்கரை ஆலையில் தூண் கம்பி கட்டியிருக்கிறேன், அரியலூரில் தண்ணீர்த் தொட்டிக்குக் கட்டியிருக்கிறேன். இதற்கு மூங்கில்தான் எலும்பு. கட்டுக்கம்பி வீட்டில் எப்போதும் உண்டு.

சாயங்காலம் பெண்கள் வேலை விட்டு வந்ததும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பிரிவு ரோட்டு மேட்டில் தூக்கி நிறுத்தினோம். முள்ளுக்கு மேலே தெரிகிறாள். நேராக, கம்பீரமாக, வலது கை உயரத்தில். தலை மொட்டையாக இருந்தது. மயிருக்கு என்ன செய்வது என்று பார்த்து, பக்கத்து மரத்தில் வேப்பங்கொத்து ஒடித்துக் குடத்து வாயில் செருகினேன். காற்றுக்கு நன்றாக ஆடியது.

"எம்மாடி, எம்மாம் பெருசு!" ராஜகுமாரி கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

மருமகள் வளைவு வரைக்கும் நடந்து போய்ப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். "அங்கேருந்தே தெரியுது மாமா!" முகத்தில் ரொம்ப நாளைக்கு அப்புறம் வெளிச்சம்.

நாளைக்கு நிற்கும்.

ஆடி 9, வெள்ளி

நிற்கவில்லை.

போனில் பேசவே பிடிக்கவில்லை. ஆனாலும் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நான் போகும்போதே அவள் கழுத்தில் மஞ்சள் கயிறு. காலடியில் எலுமிச்சம்பழம், கற்பூரம் எரிந்த கரி. யாரோ விடியலில் செய்த வேலை. யாராக இருந்தால் என்ன. பஸ் வளைவில் திரும்பியது. வேகம் குறைந்தது. பெண்கள் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தார்கள். டிரைவர் அவளைப் பார்த்தார். ஹார்னை ரெண்டு தட்டு தட்டினார். நெஞ்சைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஜன்னல் வழியாக ஒரு பாட்டி கன்னத்தில் போட்டுக்கொண்டது. பஸ் போய்விட்டது.

"கும்புட்டுட்டுப் போறாரு மாமா" என்றாள் மருமகள். அழுவதா சிரிப்பதா என்று அவளுக்கே தெரியவில்லை.

மஞ்சள் குடம், மேலே வேப்பிலை, சிவப்புப் புடவை, ஆடி வெள்ளி. சின்ன வயதிலிருந்து கரகம் பார்த்து வளர்ந்தவன் நான். கட்டும்போது கைக்குத் தெரியவில்லையே. ரோட்டோரத்து சாமிக்கு எந்த டிரைவர் பஸ்ஸை நிறுத்தியிருக்கிறான்? ஹார்னோடு சரி.

ஷேர் ஆட்டோ பிடித்துப் போனார்கள். லேட்.

ஆடி 10, சனி

இன்றைக்கும் ஹார்ன், கும்பிடு. லேட்.

சாயங்காலம் வேப்பிலையை எடுக்கலாம் என்று ஏணியோடு போனேன். ராஜகுமாரி முன்னால் வந்து நின்றாள். கயிறு கட்டினது அவள்தானாம்.

"கை வைக்காதீங்க பெரியப்பா. ஆடி வெள்ளிக்குத் தானா வந்து நின்ன தாயி."

"தானா எங்க வந்தா? நாந்தான தூக்கியாந்தேன். நீயுந்தான காலப் புடிச்ச?"

"ஒங்க கையால வரணும்னு அவ நெனச்சிருக்கா."

கூழ் ஊற்றுவது பற்றி ரெண்டு பேர் பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஏணியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆனால் விடுவதாக இல்லை. படுத்தபடி யோசித்தேன். என்ன தப்பு? வேப்பிலை மட்டும் இல்லை. நிற்கிற விதமே தப்பு.

எறையூரில் கம்பி கட்டின காலத்தில் சித்தாள் வேலைக்கு ஒருத்தி வருவாள், காத்தாயி. வேலை விட்டு ஊருக்குத் திரும்ப, கரும்பு இறக்கிவிட்டு வெறுமனே போகிற டிராக்டரை நிறுத்துவாள். நாங்கள் பத்துப் பேர் கத்தினாலும் நிற்காத வண்டி அவளுக்கு நிற்கும். எப்படி நிற்பாள் என்பது இன்றைக்கும் கண்ணில் இருக்கிறது. நேராக நிற்கமாட்டாள். ஒரு கால் முன்னால், உடம்பு ரோட்டுப் பக்கம் சாய்ந்து, இன்னும் கொஞ்சம் போனால் விழுந்துவிடுவாள் போல. தூக்குவாளி இடுப்பில் இடிக்கும். வாய் முழுசாகத் திறந்திருக்கும். ஓட்டுகிறவன் பயந்துபோய்த்தான் நிறுத்துவான்.

சாமிதான் நேராக நிற்கும். வேலைக்குப் போகிறவள் சாய்ந்துதான் நிற்பாள்.

ஆடி 11, ஞாயிறு

காலையிலேயே எல்லோரையும் மேட்டுக்குக் கூப்பிட்டேன். ராஜகுமாரி கையைக் கட்டிக்கொண்டு. நான் வாயைத் திறப்பதற்குள் மருமகள் பேசினாள். அவள் கூட்டத்தில் பேசி நான் கேட்டதில்லை.

"அக்கா, நேத்து கும்புட்டேன், முந்தாநேத்தும் கும்புட்டேன். நாளைக்கு வேல போனா ரெண்டு பேரும் இங்கயே ஒக்காந்து கும்புட வேண்டியதுதான். கூழ் ஊத்த ஒங்கிட்ட கம்பு இருக்கா?"

ராஜகுமாரி அவள் முகத்தைப் பார்த்தாள், பிறகு பொம்மையை. "சாமிய அப்புடியே கழட்டிப் போடக் கூடாது. கோயில்ல கொண்டுபோய் வைக்கணும்" என்றாள்.

சரி என்றேன். முறைப்படியே. அவளே கற்பூரம் காட்டினாள். மஞ்சள் குடம், வேப்பிலை, கயிறு மூன்றையும் பெண்கள் மாரியம்மன் கோயிலுக்கு எடுத்துப்போனார்கள். ஓட்டைக் குடத்துக்கு இப்படி ஒரு யோகம் என்றாள் அஞ்சலை. கும்பிட்டுக்கொண்டேதான் சொன்னாள்.

அவர்கள் திரும்புவதற்குள் உடம்பைச் சாய்த்துவிட்டேன். ஒரு மூங்கில் முன்னால் எட்டு வைத்த மாதிரி. பின்னால் இழுத்துக் கட்டினது விழாமல் இருக்க. பிறகு ஆளாளுக்கு வீட்டுக்கு ஓடி எடுத்து வந்தார்கள். ஒருத்தி ஜிப் போன தோள்பை. ஒருத்தி கம்பி முறிந்த குடை. ராஜகுமாரி எங்கேயோ தேடி ஒரு டிபன் பை, அதற்குள் காலி டப்பா வேறு. "சாப்பாடு இல்லாமயா வேலைக்குப் போவா?"

தலைக்கு நீலக் குடம். இந்தத் தடவை நிமிர்த்தி வைக்கவில்லை. படுக்கவைத்து, குடத்து வாய் ரோட்டைப் பார்க்கிற மாதிரி கட்டினேன். அதுதான் அவள் வாய். கட்டி முடித்து இறங்கும்போது காற்று அடித்தது. குடம் ஊ...வென்று கத்தியது. எல்லோரும் பின்னால் நகர்ந்தோம். அப்புறம் சிரித்த சிரிப்பில் எனக்கு இருமல் வந்துவிட்டது.

கடைசியாக என் பழைய ரப்பர் செருப்பு ரெண்டையும் அவள் காலில் மாட்டினேன்.

"செருப்பா பெரியப்பா?"

"போட்டுட்டா கும்புட மாட்டாங்கல்ல?"

ராஜகுமாரி குனிந்து வாரை இழுத்துச் சரி செய்தாள்.

ஆடி 12, திங்கள்

ராத்திரி தூக்கமில்லை. குடம் கத்துவது வீடு வரைக்கும் கேட்டது.

பெண்கள் சீக்கிரமே வந்துவிட்டார்கள். மருமகள் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டுவதும் கழற்றுவதுமாக. நான் பொம்மைக்குப் பின்னால் நின்றேன். முன்னால் நிற்கத் தைரியமில்லை.

பஸ் வளைவில் திரும்பியது. குடம் கத்தியது. முறம் ஆடியது. ஹார்ன் வரும், ஹார்ன் வரும் என்று காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

வரவில்லை. பிரேக் சத்தம். பள்ளத்துக்கு மேலேயே, மேட்டோரமாக, பஸ் நின்றது. பின்னால் வந்த லாரி நிதானமாக ஒதுங்கிப் போனது.

டிரைவர் தலையை வெளியே நீட்டி, "யாருய்யா அது, வாயப் பொளந்துகிட்டு ரோட்டுல விழ வருது! ஒரு நிமிஷம் ஈரக்கொல நடுங்கிப்போச்சு!" என்றார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. "பெரியவரே, நீங்கதானா!"

பெண்கள் ஓடி ஏறினார்கள். கண்டக்டர் விசில் கொடுக்கப் போனவர் நிறுத்தி, மேலே பார்த்து, "அந்தம்மா ஏறலையா?" என்றார்.

மருமகள் படியில் நின்று திரும்பினாள். "அவங்களுக்கு இங்கதாங்க வேல" என்றாள்.

விசில். போய்விட்டது.

காற்றில் இடது செருப்பு கழன்று சோளக்காட்டில் கிடந்தது. எடுத்து வந்து கட்டுக்கம்பி போட்டு முறுக்கினேன்.